எவரெஸ்ட் அடிவாரம் வேண்டாம், லாங்டாங் போகலாம்

மாமாவுக்கு எவரெஸ்ட்தான் போக வேண்டும். அம்மாவின் தம்பி அவர், 61 வயது, இருபது வருடத்துக்கு மேலாக வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவர். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே போன் செய்து, "மாப்ள, எவரெஸ்ட் அடிவாரம் வரைக்கும் நடந்தே போலாமாம், உனக்கு லீவு கிடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதில் என்னை முதன்முதலில் வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டிக்குக் கூட்டிப்போய் மூங்கில் தடியைக் கையில் கொடுத்து ஏழு மலையும் ஏற்றிவிட்டவர் அவர்தான்.

அந்தப் போனிலிருந்து கடைசியில் லாங்டாங் பள்ளத்தாக்கு என்று முடிவெடுக்கும் வரை நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் யோசித்ததைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நேபாளத்தில் நடக்கப் போகலாம் என்று நினைக்கிற நம்மூர் ஆட்கள் முதலில் கேட்பதே "எவரெஸ்டா, அன்னபூர்ணாவா" என்றுதான். யாரோடு போகிறோம், எத்தனை நாள் கையில் இருக்கிறது, ராத்திரி எந்த உயரத்தில் படுக்கப் போகிறோம் என்பதெல்லாம் அப்புறம்தான் வருகிறது, சில பேருக்கு டிக்கெட் போட்ட பிறகு வருகிறது.

முதலில் நாள் கணக்கைச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்தது 9 நாள் லீவு, சனி ஞாயிறு எல்லாம் சேர்த்து 13 நாள். கோவையிலிருந்து டெல்லி வழியாகக் காத்மாண்டு போக ஒரு நாள், வர ஒரு நாள். பெர்மிட் வாங்க, விட்டுப்போன சாமான் வாங்க காத்மாண்டுவில் ஒரு நாள். மிச்சம் 10. எவரெஸ்ட் பாதை லுக்லாவில் தொடங்குகிறது, அங்கே பெரும்பாலானவர்கள் போவது சின்ன விமானத்தில்தான், 500 மீட்டரைச் சற்றே தாண்டும் ஓடுபாதை, மேகம் வந்தால் விமானம் கிடையாது. சீசன் சமயத்தில் அந்த விமானமும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேசாப் என்ற ஊரிலிருந்து கிளம்புகிறது, அதற்கு நடுராத்திரியே காரில் ஏறி நான்கு ஐந்து மணி நேரம் போக வேண்டும். லுக்லாவிலிருந்து போய்த் திரும்ப நிதானமாக நடந்தால் 12 நாள். திரும்பும்போது மேகத்தால் இரண்டு நாள் அங்கேயே உட்கார வேண்டி வந்தால் அதற்கும் நாள் வேண்டும். எங்களிடம் இருந்ததோ 10.

ஒரு ட்ராவல்ஸ்காரர் 10 நாளிலேயே முடித்துத் தருகிறேன் என்றார். எப்படி என்று அட்டவணையை வாங்கிப் பார்த்தால், நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் உயரம் பழகுவதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்களே, அந்த இரண்டு நாளையும் எடுத்துவிட்டிருந்தார். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது.

இந்த உயரம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தென்னிந்தியாவிலிருந்து போகிற நமக்கு இது அனுபவத்தில் தெரியவே தெரியாத ஒன்று. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவில் அதைவிட உயரமான இடமே இல்லை. வெள்ளியங்கிரி 2,000 மீட்டருக்குள்தான். அதாவது, நம்மூர் மலைகளை ஆயுள் முழுக்க ஏறினாலும் 3,000 மீட்டரில் உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளவே முடியாது. கால் பழகும், மூச்சு பழகும், மனசும் பழகும், ஆனால் காற்று குறைந்த இடத்தில் ரத்தமும் நுரையீரலும் மூளையும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வெள்ளியங்கிரி எந்தப் பதிலும் சொல்லாது. 5,500 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அதற்கு உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நாள் வேண்டும், அந்த நாளைக் கொடுக்காவிட்டால் முதலில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அப்புறம் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்து. நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் வரும். வேகமாக நடக்க முடிகிறவர்கள் வேகமாக மேலே போய்விடுவதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, முந்தின ராத்திரி படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த ராத்திரி படுக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இன்னொரு ராத்திரி இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, படுப்பது எங்கே என்பதுதான் கணக்கு. எவரெஸ்ட் பாதையில் கடைசி இரண்டு ராத்திரி லோபுசேயிலும் கோரக்செப்பிலும், அதாவது 4,900 மீட்டருக்கு மேலேயும் 5,100க்கு மேலேயும். 61 வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக 3,000ஐத் தாண்டப் போகிற மனிதரை, ஓய்வு நாள் இல்லாமல் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைக்க என் மனசு ஒப்பவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது முதலில் கோபம். "ஏழு மலை ஏறுனவனுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்றார். நான் நோட்டு எடுத்துப்போய், ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுக்கிறோம், அந்த இடம் எத்தனை மீட்டர் என்று வரிசையாக எழுதிக் காட்டினேன், பக்கத்திலேயே தொட்டபெட்டா, ஆனைமுடி உயரத்தையும் எழுதினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வேற என்னென்ன பாதை இருக்குதுன்னு சொல்லு" என்றார். பாதை தேடுகிற எல்லோரும் இந்த ஒரு காரியத்தை மட்டுமாவது செய்யுங்கள். படம் பார்த்து ஆசைப்பட்ட பாதையைப் படுக்கும் உயரங்களின் பட்டியலாக எழுதிப் பார்த்தால் அது வேறு பாதையாகத் தெரியும்.

அடுத்தது அன்னபூர்ணா அடிவாரம், 4,130 மீட்டர். நாள் கணக்குக்குச் சரியாக வந்தது, பொக்காரா வரை பஸ்ஸோ விமானமோ, அதற்கப்புறம் கொஞ்ச தூரம் ஜீப். ரொம்ப அழகான பாதை என்று போனவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று படிகள். சோம்ரோங் ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும், திரும்பும்போது அதே இறக்கமும் ஏற்றமும் மறுபடி. மாமாவுக்கு ஏறுவதில் எந்தச் சிரமமும் இல்லை, இறங்கும்போதுதான் வலது முழங்கால் பிடிக்கிறது, வெள்ளியங்கிரியிலேயே கடைசி இரண்டு மலை இறங்கும்போது தடியை ஊன்றி ஊன்றித்தான் வருவார். இன்னொன்று பனிச்சரிவு. தேவ்ராலிக்கும் மச்சபுச்ரே அடிவாரத்துக்கும் நடுவில் பள்ளத்தாக்கு குறுகலாக இருக்கிறது, மேலே சரிவில் பனி சேர்ந்திருந்தால் அந்த இடம் ஆபத்து, 2020 ஜனவரியில் அந்தப் பக்கத்தில்தான் ஒரு பெரிய சரிவு நடந்தது. அக்டோபர் நவம்பரில் போகிறவர்கள் இதற்கு அவ்வளவு யோசிக்க வேண்டாம். எங்களுக்குக் கிடைத்தது ஏப்ரல்.

அன்னபூர்ணா சுற்றுப்பாதை பற்றி நாங்கள் அதிகம் பேசவே இல்லை. தோராங் லா கணவாய் 5,416 மீட்டர், அதைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் இறங்க முடியும். 2014 அக்டோபரில், விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் அங்கே பனிப்புயலாக மாறி 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அக்டோபர் என்பது அங்கே நல்ல சீசன். நம் கடலில் பிறந்த ஒரு புயல் அவ்வளவு தூரம் போய் அப்படிச் செய்யும் என்று யார் நினைத்திருப்பார்கள். எனக்கு அதிலிருந்து கிடைத்த கேள்வி, நடுவில் முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்ப முடிகிற பாதையா என்பது. கணவாயைத் தாண்டினால்தான் விடுமுறை முடியும் என்கிற மாதிரிப் பாதையில், உடம்பு வேண்டாம் என்று சொன்னாலும் மனசு போ போ என்று தள்ளும்.

பூன் ஹில் நான்கு ஐந்து நாளில் முடிந்துவிடும், 3,210 மீட்டர்தான், முதல்முறை போகிற குடும்பங்களுக்கு நல்லது. மாமாவுக்கு அது போதாது.

லாங்டாங் என்ற பெயரை எங்களுக்குச் சொன்னது, என் கூட வேலை பார்க்கிற ஒரு நேபாளி நண்பர். காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டின பள்ளத்தாக்கு. விமானம் வேண்டாம், பஸ்ஸில் ஒரு நாளில் ஸ்யாப்ருபேசி போய்விடலாம், ரோடு மோசம் ஆனால் ரோடு இருக்கிறது. அங்கிருந்து ஆற்றை ஒட்டியே பாதை, ஏறிக்கொண்டே போகும், வீணாக ஏறி இறங்குவது குறைவு, அதனால் திரும்பும்போது பெரும்பாலும் இறக்கம்தான், அதுவும் இரண்டு நாளுக்குப் பரவிய இறக்கம். கடைசி ஊர் க்யாஞ்சின் கோம்பா 3,870 மீட்டர். படுப்பது அதற்கு மேல் இல்லை. அதற்கு மேலே போக ஆசையும் தெம்பும் இருந்தால் பகலில் க்யாஞ்சின் ரி என்ற சிகரம் ஏறிவிட்டு இறங்கிவிடலாம், இன்னும் தெம்பு இருந்தால் கிட்டத்தட்ட 5,000 மீட்டர் இருக்கும் செர்கோ ரி. ஒன்றும் ஏறாவிட்டாலும் 7,227 மீட்டர் லாங்டாங் லிருங் ஊருக்கு மேலேயே நிற்கிறது. எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், எங்கிருந்து வேண்டுமானாலும் திரும்பலாம். நோட்டில் எழுதிப் பார்த்தபோது எங்கள் 13 நாளுக்குள் இது அடங்கியது, ஒரு நாள் உபரியாகவும் இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் என்னைத் தடுத்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் லாங்டாங் கிராமமே அழிந்துபோனது. மேலே பனியாற்றிலிருந்து பனியும் பாறையும் பிய்த்துக்கொண்டு விழுந்து ஊரை மூடிவிட்டது, 300 பேருக்கு மேல் இறந்தார்கள், ஊர்க்காரர்கள், வழிகாட்டிகள், நடக்க வந்த வெளிநாட்டவர்கள் எல்லோரும். ஒரு பெரிய பாறையின் இடுக்கில் ஒட்டிக் கட்டியிருந்த ஒரே ஒரு வீடு மட்டும் மிஞ்சியது. அப்படிப்பட்ட இடத்துக்கு விடுமுறை கழிக்கப் போவது சரியா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. நேபாளி நண்பரிடமே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கே திரும்பி வந்து வீடு கட்டினவர்கள் பெரும்பாலும் நடக்க வருகிறவர்களுக்கு அறை கொடுத்துத்தான் பிழைக்கிறார்கள், நீங்கள் போகாமல் இருப்பதால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பாதை முடிவானதும் வேலை முடியவில்லை. லாங்டாங்குக்குப் பொதுவாகத் தரும் அட்டவணையில் முதல் ராத்திரி லாமா ஹோட்டல் என்கிற இடம், சுமார் 2,480 மீட்டர், அடுத்த ராத்திரி லாங்டாங் கிராமம், 3,430. ஒரே நாளில் 950 மீட்டர். முன்னே சொன்ன கணக்குக்கு இது ஒத்துவரவில்லை, முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போகிறார்கள், நிறையப் பேருக்கு ஒன்றும் ஆவதுமில்லை. நாங்கள் நடுவில் கோடா தபேலாவில், சுமார் 3,000 மீட்டரில், ஒரு ராத்திரி சேர்த்துக்கொண்டோம். குதிரை லாயம் என்று அர்த்தம். மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது மாமாவுக்குப் பிடிக்கவே இல்லை, நடந்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. நல்லவேளையாக ஏப்ரல் என்பதால் சுற்றிலும் குராஸ் பூத்திருந்தது, நேபாளத்தின் தேசிய மலர், நம் நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே அதே இனம்தான். "நம்ம ஊட்டி மரம் இங்க எங்க வந்துச்சு" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி மெதுவாகப் போயும் லாங்டாங்கில் மாமாவுக்குத் தலைவலி வந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, காலையில் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் கைடு, அந்தப் பக்கத்துத் தமாங் இனத்து இளைஞர், முகத்தைப் பார்த்ததுமே இன்றைக்கு மேலே வேண்டாம் என்றார். (2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது, எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி நடைமுறையில் இல்லை. விதி இல்லாவிட்டாலும் நான் கைடு வைத்துக்கொண்டுதான் போவேன், காரணம் அந்தக் காலை.) உபரியாக வைத்திருந்த ஒரு நாளை அங்கே செலவழித்தோம். பூண்டு சூப், வெந்நீர், கொஞ்சம் தால் பாத், அதாவது பருப்பும் சோறும். தலைவலி கூடினால் உடனே கீழே இறங்குவது என்று முடிவு செய்து வைத்திருந்தோம், சாயங்காலத்துக்குள் குறைந்துவிட்டது.

அந்த நாளில்தான் பழைய லாங்டாங் இருந்த இடத்தைச் சரியாகப் பார்க்க முடிந்தது. வெறும் கல். மைதானம் மாதிரி பெரிய கல்பரப்பு, அதன் மேலே பாதை போகிறது, காலுக்குக் கீழே ஊர் இருக்கிறது. இறந்தவர்கள் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீளமான மணிச் சுவர், அதை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று கைடு சொல்லத் தொடங்குவதற்குள் மாமா அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார், கோவில் பிரகாரம் சுற்றிப் பழகின கால். பெயர்களை நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், எழுத்து புரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் நிலநடுக்கம் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது மாமா கையில் ஒரு துண்டு சுர்பி, அவர்கள் ஊர் காய்ந்த பாலாடைக்கட்டி, கொடுத்தனுப்பினார்.

க்யாஞ்சினில் இரண்டு ராத்திரி. நான் க்யாஞ்சின் ரியின் கீழ் உச்சி வரை ஏறினேன், அதுவே 4,300 மீட்டருக்கு மேலே, பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மாமா பாதி வரை வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீ போயிட்டு வா மாப்ள, இங்கிருந்தே நல்லாத் தெரியுது" என்றார். எதிரே பனியாறு, அதற்கு மேலே லிருங். நான் இறங்கி வரும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவே இல்லை. சாயங்காலம் அங்கே 1950களில் சுவிஸ்காரர்கள் உதவியோடு தொடங்கின பாலாடைக்கட்டி ஆலையைப் பார்க்கப் போனோம். யாக் என்பது ஆண் மாடுதானாம், பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாக் என்று பெயர்.

கேட்பவர்களுக்காகச் சில விவரம். நமக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் நம்மையும் சேர்த்து சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், நம் பணத்தில் ஆயிரத்துக்குள். காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இருக்காது. உயர நோய்க்கான மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம். பயிற்சிக்கு ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள், மாமா மூன்று மாதம் மருதமலைப் படிகளில் வாரம் நான்கு நாள் மெதுவாக இறங்கிப் பழகினார், காத்மாண்டு தமேலில் வாங்கின இரண்டு கம்புகளும் அந்தப் பயிற்சியும் சேர்ந்துதான் முழங்காலைக் காப்பாற்றின. மூங்கில் தடியை விமானத்தில் கொண்டுவர முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

இறங்கும் வழியில், ஆற்றங்கரையில் ஒரு இடத்தில் துலோ ஸ்யாப்ரு ஊருக்கு ஒரு பாதை பிரிந்து மேலே போகிறது. அது கோசாயிகுண்டம் போகிற வழி என்று கைடு சொன்னார். ஆலகால விஷத்தைக் குடித்த சிவன் தொண்டை எரிச்சல் தாங்காமல் திரிசூலத்தை மலையில் குத்தி வரவழைத்த தண்ணீர்தான் அந்த ஏரி என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மூரில் ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமிக்கு அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் குளிக்கப் போகிறார்கள், அவர்களும் அன்றைக்குத்தான் பூணூல் மாற்றுகிறார்கள். மாமா அந்த இடத்தில் நின்றுவிட்டார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மூன்று நான்கு நாள். எங்களிடம் இருந்த உபரி நாள் லாங்டாங்கில் தீர்ந்திருந்தது. நீலகண்டனைப் பார்க்காமல் போகிறோமே என்று அவர் வாயால் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் அந்த வழியையே பார்த்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு கீழே நடந்தார்.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போனேன். என் பழைய நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல். துன்சேயில் தொடங்கி கோசாயிகுண்டம் 4,380 மீட்டர் வரை, ஒவ்வொரு ராத்திரிக்கும் எதிரே மீட்டர் கணக்கு. சிங் கோம்பாவில் இரண்டு ராத்திரி, லௌரிபினாவில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்னதாக "தலைவலி வந்தால் இரண்டு" என்று எழுதியிருக்கிறார். அக்டோபருக்கு 16 நாள் லீவு கேட்கச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கேட்கிறேன்.